மீன்தீனிற் சேர்க்கும் பொருட்கள்: கமக்காரர் அறிய வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு யாதும் இல்லை. மாரிகாலத்தில் வழுக்கியாற்றில் ஓடும் நீரும், குளங்களிலும் கேணிகளிலும் தேங்கும் நீரும், நிலத்தினடியிலுள்ள சுண்ணக்கற் பாறைகளிற் சேரும் நீருமே நமது கமத்தொழிலுக்கும் குடிநீருக்கும் ஆதாரமாக உள்ளன. நாற்புறமும் கடலும் கடனீரேரியும் சூழ்ந்த இந்நாட்டில் மீன் என்றால் கடல் மீனே என்பது நெடுங்கால வழக்கம். நன்னீர் மீன் வளர்த்தல் வன்னிப் பெருங்குளங்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் கருதினர். எனினும், தோட்டக் கிணற்றின் அருகே சீமெந்துத் தொட்டி ஒன்றை அமைத்து, இறைக்கும் நீரை முதலில் அதில் விட்டு மீன் வளர்த்து, பின்னர் அந்நீரையே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சலாம். நீர் ஒன்று, பயன் இரண்டு என்பதே இம்முறையின் சிறப்பாகும்.

இம்முறையில் ஈடுபடும் கமக்காரர் எதிர்கொள்ளும் முதற் கேள்வி தீனைப் பற்றியது. மீன் வளர்ப்பிற் பெரும் செலவு தீனுக்கே ஆகின்றது. கடைகளிலோ, மீனை விரைவிற் பெருக்கும் என்று கூறி விற்றமின் தூள், கனியுப்புத் தூள், நொதியம், மதுவம் எனப் பலவகைச் சேர்க்கைப் பொருட்கள் விற்கப்படுகின்றன. இவற்றுள் எவை வேண்டியவை, எவை வேண்டாதவை, எவை தீங்கு விளைப்பவை என்பதை அறியாது பணத்தைச் செலவிடுதல் நன்றன்று. அவற்றை விளக்குதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

நமது நாட்டில் நன்னீர் மீன் வளர்ப்பு

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா மீன் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் விடப்பட்டது. சில இடங்களில் இதனை யப்பான் மீன் என்றும் வழங்குவர். உலர்வலயக் குளங்களில் இது பெருகி, உள்நாட்டு மீன்பிடியின் பெரும்பகுதியாயிற்று. 1990ஆம் ஆண்டில் உள்நாட்டு மீன்பிடிக்கான அரசின் ஆதரவு நிறுத்தப்பட்டு, 1994ஆம் ஆண்டின் பின்னர் மீண்டும் தொடங்கியது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. உடவளவை, தம்புள்ளை முதலிய இடங்களிலுள்ள அதன் நிலையங்களில் திலாப்பியா, கட்லா, ரோகு, மிரிகால், சாதாக் கெண்டை முதலியவற்றின் குஞ்சுகள் உற்பத்தி செய்யப்படுகின்றன.

குளத்து மீனும் தொட்டி மீனும்

சேர்க்கைப் பொருட்களைப் பற்றி ஆராயுமுன் ஒரு வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மாரிகாலத்தில் நிறைந்து கோடையில் வற்றும் ஊர்க்குளத்தில் விடப்படும் மீன், அங்கே இயல்பாக உண்டாகும் பாசி, நுண்ணுயிர், புழு, பூச்சி ஆகியவற்றை உண்டு வாழ்கின்றது. அவ்வுணவில் விற்றமின்களும் கனியுப்புக்களும் போதியளவு உண்டு. ஆகவே, குளத்து மீனுக்குச் சேர்க்கைப் பொருள் வாங்கிப் போடுதல் வீண் செலவாகும். சற்றுத் தவிடும் புண்ணாக்கும் கொடுத்தாலே போதும். பல குளங்களில் அதுவும் வேண்டியதில்லை.

சீமெந்துத் தொட்டியிலுள்ள மீனின் நிலை வேறு. அங்கு மண் இல்லை; நீர் அடிக்கடி மாற்றப்படுவதாற் பாசியும் குறைவு; சிறிய இடத்திற் பல மீன்கள் நெருங்கி வாழ்கின்றன. நாம் கொடுப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு உணவு இல்லை. கட்டி வைத்த மாட்டுக்கும் மேயவிட்ட மாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு ஒப்பிடலாம். கட்டி வைத்த மாட்டின் தீனிற் குறையிருந்தால் அக்குறையை அது தானே தேடித் தீர்த்துக்கொள்ள இயலாது. தொட்டி மீனும் அத்தகையதே. சேர்க்கைப் பொருட்களின் தேவை இங்கேதான் எழுகின்றது.

முதலில் அடிப்படைத் தீன்

சேர்க்கைப் பொருள் என்பது நல்ல தீனுக்குத் துணையே அன்றித் தீனுக்குப் பதிலன்று. அடிப்படைத் தீன் குறையுடையதாயின் எத்தூளைச் சேர்த்தாலும் பயன் விளையாது.

மீனின் வளர்ச்சிக்கு முதன்மையானது புரதம். வளர்ந்துவரும் திலாப்பியா, கெண்டை ஆகியவற்றின் தீனில் நூற்றுக்கு 25 முதல் 30 வீதம் புரதம் இருத்தல் வேண்டும். சிறு குஞ்சுகளுக்கு 35 வீதம் வரை தேவை. அரிசித் தவிட்டில் ஏறக்குறைய 12 வீதமும், தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறக்குறைய 20 வீதமும், எள்ளுப் புண்ணாக்கில் 35 முதல் 40 வீதம் வரையும், உப்பிடாது உலர்த்திய மீன்தூளில் 50 வீதத்துக்கு மேலும் புரதம் உண்டு. ஆகவே தவிட்டை மட்டும் போட்டு வளர்த்தால் மீன் தலை பெருத்து உடல் மெலிந்து நிற்பதில் வியப்பில்லை.

புரதம் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. புரதம் அமினோவமிலங்கள் எனப்படும் சிறு கூறுகளால் ஆனது. இலைசின், மெதியோனின் என்பவை அவற்றுள் மீன் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதவை. எள்ளுப் புண்ணாக்கில் மெதியோனின் மிகுதி, இலைசின் குறைவு. மீன்தூளில் இரண்டும் நிறைவாக உண்டு. எனவே இரண்டையும் கலந்து கொடுப்பின் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். குருநகர், பாசையூர், பருத்தித்துறை முதலிய கரைகளில் விலைபோகாது எஞ்சும் காரல், சூடை முதலிய சிறு மீன்களையும் இறால் தலைகளையும் மலிவாகப் பெற்று, அவித்து, உப்பிடாது உலர்த்தி இடித்துக்கொள்ளலாம். பச்சை மீன் சிலவற்றில் விற்றமின் பி ஒன்றைச் சிதைக்கும் பொருள் இருப்பதால், அவியாது கொடுத்தலாகாது. உப்பிட்ட கருவாடும் ஏற்றதன்று.

தவிட்டைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பச்சையரிசித் தவிடு சில நாட்களிலேயே காறல் மணம் கொள்ளும். அதிலுள்ள எண்ணெய் சிதைவதே இதற்குக் காரணம். காறிய தவிடு விற்றமின்களையும் கெடுக்கும். நெல்லை அவிக்கும்போது எண்ணெயைச் சிதைக்கும் நொதியம் செயலிழப்பதால், புழுங்கலரிசித் தவிடு கூடுதலான காலம் கெடாது இருக்கும். நமது ஊர்களில் புழுங்கலரிசி குற்றும் வழக்கம் உண்டாகையால் இது நமக்கு எளிதிற் கிடைப்பதொன்றாகும்.

விற்றமின்கள்

1950ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் யோன் ஆல்வர் என்னும் அறிஞரும் அவரைச் சார்ந்தோரும், மீன்களுக்கு எவ்வெவ் விற்றமின்கள் இன்றியமையாதவை என்பதைப் பரீட்சைகள் மூலம் கண்டறிந்தனர். ஒவ்வொரு விற்றமினையும் தனித்தனியே நீக்கிய தீனைக் கொடுத்து, மீனில் உண்டாகும் குறைகளை அவர்கள் நோக்கினர். இன்று உலகெங்கும் தயாரிக்கப்படும் மீன்தீனுக்கு அவ்வாராய்ச்சியே அடிப்படையாகும்.

இவற்றுள் விற்றமின் சீ நமது கமக்காரர் சிறப்பாக அறிய வேண்டியது. ஆடு, மாடு, கோழி ஆகியன இவ்விற்றமினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். நாம் வளர்க்கும் மீன்களிற் பெரும்பாலானவை மனிதரைப் போன்று அதனை ஆக்க இயலாதவை. இது குறைந்தால் மீனின் முதுகெலும்பு வளையும், புண் ஆறாது, நோய் எளிதிற் பற்றும். தொட்டியிற் கூன் விழுந்த மீன்கள் பல தோன்றினால் தீனை ஆராய வேண்டும்.

விவசாயப் பொருட் கடைகளிற் கோழிகளுக்குரிய விற்றமின் தூளே எளிதிற் கிடைக்கும். பலர் அதனையே மீனுக்கும் போடுகின்றனர். கோழிக்குத் தேவையில்லாமையால் அத்தூள்கள் பலவற்றில் விற்றமின் சீ சேர்க்கப்படுவதில்லை. எனவே பொதியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து, மீனுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குதல் வேண்டும். 100 கிலோகிராம் தீனுக்கு ஒரு கிலோகிராம் என்பது பொதுவான அளவு. எனினும் பொதியிற் குறித்த அளவையே பின்பற்றுக.

சாதாரண விற்றமின் சீ சூட்டினாலும் வெயிலினாலும் காற்றினாலும் விரைவில் அழியும். எனவே தீனை அவித்த பின்னர், அது ஆறியபின் கலந்து, நிழலில் உலர்த்துதல் வேண்டும். பொசுபேற்றுடன் இணைக்கப்பட்ட நிலைபேறுடைய வகை கிடைப்பின் அதுவே நன்று.

இதற்குச் செலவில்லாத வழியும் உண்டு. பச்சை இலைகளில் விற்றமின் சீ மிகுதி. பசுமையான முருங்கை இலையையும், கழிக்கப்படும் கீரையையும் பொடியாக நறுக்கியும், அசோலாவை அப்படியேயும் வாரத்தில் நான்கைந்து நாட்கள் கொடுக்கலாம். திலாப்பியாவும் புற்கெண்டையும் இவற்றை விரும்பி உண்ணும். ஆனால் பூச்சிநாசினி தெளித்த தோட்டத்து இலையை ஒருபோதும் போடலாகாது. இபில்-இபில் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், அதனை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, அந்நீரை வெளியே ஊற்றிவிட்டு, உலர்த்திச் சிறிதளவே சேர்க்க வேண்டும்.

கனியுப்புக்கள்: சுண்ணாம்பு வேண்டா, பொசுபரசு வேண்டும்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையூடாக வருவது. கேத்திலின் உட்புறத்திற் படியும் வெண்பொருக்கே அதற்குச் சான்று. மீன் தனக்கு வேண்டிய கல்சியத்தைப் பூக்கள் வழியே நீரிலிருந்து நேராகப் பெற வல்லது. ஆகவே நமது நீரில் வளரும் மீனுக்குச் சிப்பித் தூள், சுண்ணாம்பு, கல்சியத் தூள் ஆகியவற்றைத் தீனிற் கலத்தல் வேண்டியதன்று. முட்டைக் கோழித்தீனை மீனுக்குப் போடுவதும் இக்காரணத்தால் தவறாகும். அதில் முட்டை ஓட்டுக்காகச் சேர்த்த மிகுதியான கல்சியம், மீன் பொசுபரசை உறிஞ்சுவதைத் தடை செய்யும்.

பொசுபரசோ நீரில் மிகக் குறைவு. அதனைத் தீன் வாயிலாகவே மீன் பெறவேண்டும். தவிட்டிலும் புண்ணாக்கிலும் பொசுபரசு உண்டெனினும், அதன் பெரும்பகுதி பைற்றேற்று என்னும் கட்டுண்ட நிலையில் இருப்பதால் மீனின் குடலிற் சீரணிக்கப்படாது வெளியேறிவிடும். மீன்தூளிலுள்ள முள்ளும் எலும்பும் நல்ல பொசுபரசைத் தரும். மீன்தூளைக் குறைத்துப் புண்ணாக்கைக் கூட்டுவோர், தீன் தரத்திலுள்ள இருகல்சியம் பொசுபேற்றை 100 கிலோகிராமுக்கு ஒரு கிலோகிராம் வீதம் சேர்க்கலாம். பயிருக்கு இடும் கற்பொசுபேற்றைத் தீனிற் கலத்தலாகாது. அது எளிதிற் கரையாதது, புளோரின் உடையது.

நொதியமும் மதுவமும்

கட்டுண்ட பொசுபரசை விடுவிக்கும் பைற்றேசு என்னும் நொதியம் இப்பொழுது தூளாகவும் திரவமாகவும் விற்கப்படுகின்றது. தவிடும் புண்ணாக்கும் மிகுந்த தீனுக்கு இது ஏற்றது. அடிப்படையில் மீன்தூள் நிறைய உள்ள தீனுக்கு இதனாற் பெரும்பயன் இல்லை. கொதிக்கும் சூட்டில் இது செயலிழந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

மதுவம் என்பது மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர். அதில் புரதமும் பி வகை விற்றமின்களும் உள்ளன. அதன் உறையிலுள்ள பொருட்கள் மீனின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் என்று பல நாடுகளிற் செய்த பரீட்சைகள் காட்டுகின்றன. 100 கிலோகிராம் தீனுக்கு ஒரு கிலோகிராம் உலர்ந்த மதுவம் போதும்.

அப்பமாவைப் புளிக்கச் செய்வதற்குக் கள்ளை விடும் வழக்கம் நமது இல்லங்களில் உண்டு. பனங்கள்ளின் அடியிலே தங்கும் மண்டியில் மதுவம் நிறைந்திருப்பதே அதன் காரணம். கள் கிடைக்கும் பருவத்தில் அம்மண்டியைப் பெற்று, நீர் தெளித்த தவிட்டுடன் பிசைந்து, மூடிய பாத்திரத்தில் ஓரிரவு வைத்துப் பின்னர் ஏனைய பொருட்களுடன் கலந்துகொள்ளலாம். புளித்த தவிட்டில் கட்டுண்ட பொசுபரசில் ஒரு பகுதி விடுபடும். இனிய புளிப்பு மணம் இருத்தல் வேண்டும். அழுகல் மணம் வீசினாற் பசளைக் குழியிற் போட்டுவிடுக. கருப்பநீருக்குச் சுண்ணாம்பு இட்ட முட்டியின் மண்டி இதற்கு உதவாது.

தீன் தயாரிக்கும் முறை

பத்துக் கிலோகிராம் தீனுக்கு வேண்டியவை:

அவித்து உலர்த்திய மீன்தூள் — 2 கிலோகிராம்
எள்ளுப் புண்ணாக்கு — 3 கிலோகிராம்
புழுங்கலரிசித் தவிடு — 4 கிலோகிராம்
மரவள்ளி மா அல்லது கோதுமை மா — 850 கிராம்
மீனுக்குரிய விற்றமின், கனியுப்புக் கலவை — 100 கிராம்
கறியுப்பு — 50 கிராம்

இக்கலவையில் ஏறக்குறைய 27 வீதம் புரதம் இருக்கும். தூளாக்கிய மீன், புண்ணாக்கு, தவிடு, உப்பு ஆகியவற்றை நன்கு கலக்குக. மாவை நீரிற் காய்ச்சிப் பசையாக்கி அதனுடன் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் ஆவியில் அவிக்குக. ஆறிய பின்னர் விற்றமின் கலவையைச் சிறிது தவிட்டுடன் முதலிற் கலந்து, அதன்பின் முழுத்தீனிலும் சமமாகப் பரவும்படி பிசைக. சிறிய அளவுள்ள பொருளை நேரே பெருங்குவியலிற் கொட்டினால் ஓரிடத்திற் கூடியும் வேறிடத்திற் குறைந்தும் நிற்கும்.

பிசைந்த தீனை இடியப்ப உரலிற் பிழிந்து, நிழலிற் காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்தி, மீனின் வாய்க்கேற்ற துண்டுகளாக உடைத்துக்கொள்ளலாம். கைக்குள் அடங்காத உரல் வேண்டின் இறைச்சி அரைக்கும் இயந்திரம் உதவும். பசைக்கு மரவள்ளி மாவே போதும். கூழுக்குரிய ஒடியல் மாவை இதிற் செலவிட வேண்டியதில்லை.

ஊட்டும் அளவு

ஐந்து மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் நீர் ஆழமும் உள்ள தொட்டி 20,000 இலீற்றர் நீரைக் கொள்ளும். காற்றூட்டும் கருவி இல்லாதவிடத்து இதில் 100 மீன்களுக்கு மேல் விடாதிருத்தல் நன்று. அவை ஒவ்வொன்றும் 50 கிராம் நிறை உடையனவாக இருக்கும்போது மொத்த நிறை 5 கிலோகிராம். இப்பருவத்தில் நிறையின் 3 வீதம், அதாவது நாளொன்றுக்கு 150 கிராம் தீன் போதும். அதனைக் காலை ஒன்பது மணியளவிலும் மாலை நான்கு மணியளவிலும் இரு பகுதியாகக் கொடுக்க. சிறு குஞ்சுகளுக்கு நிறையின் 5 வீதமும், 150 கிராமுக்கு மேற்பட்ட மீனுக்கு 2 வீதமும் கொடுக்கலாம். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பத்து மீன்களைப் பிடித்து நிறுத்து, அளவைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

தட்டு ஒன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் இறக்கி, அதிலே தீனை இடுக. அரை மணி நேரத்தின் பின் தட்டை உயர்த்திப் பார்த்து, மிச்சமிருந்தால் அடுத்த வேளை குறைத்துவிடுக. வானம் மூடிய நாட்களிலும், விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து மூச்செடுக்கும்போதும் தீன் போடலாகாது. நீரில் ஒட்சிசன் குறைந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. உடனே கிணற்று நீரை உயரத்திலிருந்து விழும்படி இறைக்க வேண்டும்.

மீனுக்கு உதவாத புண்ணாக்குக்கள்

எல்லாப் புண்ணாக்கும் தீன் அன்று. இலுப்பைப் புண்ணாக்கு, தலைமுழுக்குக்கு அரப்பாகவும் பயிருக்குப் பசளையாகவும் பயன்படுவது. அதிலுள்ள நுரைக்கும் பொருள் மீனின் குருதிக் கலங்களைச் சிதைத்து அதனைக் கொல்லும். மீன்குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள விரால் முதலிய கொல்லும் மீன்களை ஒழிப்பதற்கு 1,000 இலீற்றர் நீருக்கு 200 முதல் 250 கிராம் வரை இதனை இடுவது இந்தியாவில் நெடுநாளைய வழக்கமாகும். அதன் நஞ்சு இரண்டு மூன்று வாரங்களில் நீங்கிப் பசளையாகிவிடும். அத்தகைய பொருள் ஒரு கைப்பிடி தவறித் தீனிற் கலந்தாலும் பேரிழப்பு உண்டாகும். வேப்பம் புண்ணாக்கையும் தீனிற் சேர்த்தலாகாது. பசளைப் புண்ணாக்கையும் தீன் புண்ணாக்கையும் வேறுவேறு அறைகளில், வேறுவேறு சாக்குகளில் அடையாளமிட்டு வைத்தல் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த தீன்

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் பெருந்தொகையாக மாண்டன. அவற்றுக்குக் கொடுத்த நிலக்கடலைப் புண்ணாக்கிற் பூஞ்சணம் விளைவித்த நஞ்சே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மீன் பண்ணைகளில் வளர்ந்த மீன்களின் ஈரலிற் புற்றுநோய்க் கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டன. அவற்றின் தீனிலிருந்த பருத்திவிதைப் புண்ணாக்கிலும் அந்நஞ்சே இருந்தது. அதற்கு அபிளாதொட்சின் என்று பெயர்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் நமது வீடுகளில் ஈரம் மிகுதி. சாக்கிலுள்ள புண்ணாக்கிற் பச்சை அல்லது மஞ்சள் நிறப் பூஞ்சணம் படர்ந்தால், அதனைத் துடைத்துவிட்டோ, வெயிலில் உலர்த்தியோ, அவித்தோ பயன்படுத்தலாம் என்று எண்ணுவது தவறு. பூஞ்சணம் அழிந்தாலும் நஞ்சு அழியாது. மீனுக்கு ஆகாதென்று அதனைப் பசுவுக்குக் கொடுத்தலும் கூடாது. நஞ்சின் ஒரு பகுதி பாலிற் சேர்ந்து குழந்தைகளின் உடலிற் புகும். தீனை நன்கு உலர்த்தி, நிலத்திலும் சுவரிலும் படாதவாறு பலகையின்மேல் வைத்து, ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவை மட்டும் தயாரித்தலே தக்க வழி.

மருந்தும் ஓமோனும்

நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைச் சிறிதளவில் நாள்தோறும் தீனிற் கலந்தால் விலங்குகள் விரைவில் வளரும் என்று முன்னர் பல நாடுகளில் அவ்வாறு செய்தனர். அதனால் மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகள் தோன்றி மனிதரையும் பற்றலாயின. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீனிற் சேர்ப்பதை முற்றாகத் தடை செய்தது. ஆகவே எக்காரணத்தாலும் வளர்ச்சி கருதி இவற்றைச் சேர்க்க வேண்டா. கோழிகளுக்கான மருந்து கலந்த தீனையும் மீனுக்குப் போடலாகாது.

திலாப்பியாவில் ஆண்மீன் பெண்மீனைவிட விரைவாக வளரும். அதனாற் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில், பிறந்த முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு மட்டும் ஓமோன் கலந்த தீனைக் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கும் முறை பல நாடுகளில் உண்டு. அது பயிற்சி பெற்றோர் கட்டுப்பாட்டிற் செய்யும் வேலை. வளர்ப்போருக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை. ஓமோன் பொதி என்று எவரேனும் விற்க வந்தால் வாங்காது விடுக.

தீனும் கிணற்று நீரும்

மீன் உண்ணும் தீனிலுள்ள நைதரசனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அதன் உடலிற் சேர்கின்றது. எஞ்சியது கழிவாக நீரிற் கரைகின்றது. அந்நீர் பயிருக்கு நல்ல பசளை. ஆயினும் நமது மண்ணின் அடியில் வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணக்கல் இருப்பதால், மிகுதியாகப் பாய்ச்சிய நீர் விரைவில் இறங்கி மீண்டும் கிணற்றையே அடையும். வலிகாமத்தில் இரசாயனப் பசளை மிகுதியாக இடப்படும் இடங்களிலுள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுள்ளது. குடிநீரில் ஒரு இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அது மிகுந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தாற் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

எனவே, தீனை நன்கு சீரணிக்கச் செய்தல் மீனுக்கு மட்டுமன்றிக் கிணற்றுக்கும் நலம் தரும். நொதியமும், சமநிலையான புரதமும், அளவான ஊட்டமும் கழிவைக் குறைக்கின்றன. மீன்தொட்டி நீரைப் பாய்ச்சும் பாத்திக்கு இடும் யூரியாவை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுக. தொட்டிக் கழிவு குடிநீர்க் கிணற்றருகே தேங்க விடலாகாது. மருந்து தெளிக்கும் கருவியை மீன்தொட்டி நீரிற் கழுவுதலும் கூடாது; சில துளிகளே எல்லா மீன்களையும் கொன்றுவிடும்.

செலவும் பயனும்

சேர்க்கைப் பொருள் பயன் தருகின்றதா என்பதை விற்பவரின் சொல்லைக் கொண்டன்றி, தராசைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். உதாரணமாக, சேர்க்கையில்லாத தீன் ஒரு கிலோகிராம் 100 ரூபா எனவும், ஒரு கிலோகிராம் மீன் வளர 2 கிலோகிராம் தீன் செல்லும் எனவும் கொள்வோம். செலவு 200 ரூபா. சேர்க்கையுடன் தீனின் விலை 110 ரூபா ஆகி, 1.7 கிலோகிராம் தீனே போதுமாயின் செலவு 187 ரூபா. 13 ரூபா மிச்சம். ஆனால் 1.9 கிலோகிராம் சென்றாற் செலவு 209 ரூபா. மீன் சற்று விரைவாக வளர்ந்ததுபோற் தோன்றினும் உண்மையில் 9 ரூபா நட்டம்.

இரண்டு தொட்டி உடையோர், அல்லது ஒரு தொட்டியை வலையாற் பிரிக்கக்கூடியோர், ஒரே நிறையுள்ள குஞ்சுகளைச் சம எண்ணிக்கையில் விட்டு, ஒன்றுக்குச் சேர்க்கையுடனும் மற்றொன்றுக்குச் சேர்க்கையின்றியும் தீன் கொடுத்து, இரண்டு மாதங்கள் கணக்கு எழுதிப் பார்ப்பாராக. போட்ட தீன், மீனின் நிறை, இறந்த மீன் ஆகிய மூன்றையும் கொப்பியிற் குறித்து வந்தாற் போதும். அயலவர் இருவர் சேர்ந்தும் இப்பரீட்சையைச் செய்யலாம்.

மேற்கூறிய தொட்டியில் 10 கிராம் குஞ்சுகள் 100 விட்டு, ஆறு மாதத்தில் 90 மீன்கள் 250 கிராம் வீதம் தேறினால், 22 கிலோகிராமுக்கு மேல் மீன் கிடைக்கும். அதற்கு ஏறக்குறைய 40 கிலோகிராம் தீன் செல்லும். இது பெருஞ்செல்வம் தரும் தொழில் அன்று. ஆயினும் கடல் கொந்தளித்து மீன் அருகும் மாரிகாலத்திலும் குழந்தைகளின் உணவிற் புரதம் குறையாதிருக்க இது உதவும். இறைத்த நீருக்கு இரட்டைப் பயனும் உண்டு.

முடிவாக

நல்ல தவிடு, நல்ல புண்ணாக்கு, அவித்து உலர்த்திய மீன்தூள் ஆகியனவே தீனின் அடிப்படை. தொட்டி மீனுக்கு விற்றமினும் பொசுபரசும் சேர்க்க வேண்டும், சுண்ணாம்பு வேண்டா. நொதியமும் மதுவமும் கணக்குப் பார்த்துச் சேர்க்கத் தக்கவை. மருந்தும், ஓமோனும், பூஞ்சணம் பிடித்த பொருளும் அறவே தவிர்க்கத் தக்கவை. குஞ்சுகளை நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் வழியாகவே பெறுக. வளர்ப்பு மீனைக் குளம், கேணி, கடனீரேரி ஆகியவற்றில் தாமாக விடுதல் நமது நாட்டு மீனினங்களுக்குக் கேடு விளைக்கும். புதிதாகத் தொடங்குவோர், தொட்டி கட்டுமுன் தமது பகுதியின் விவசாயப் போதனாசிரியரையும் நீருயிரின வளர்ப்பு விரிவாக்க உத்தியோகத்தரையும் கண்டு ஆலோசனை பெறுவாராக.